கதவு திறக்க இருநூற்று நாற்பத்தொன்பது ரூபாய்

அருமனை
3 பிப்ரவரி 2025

டெல்சிக்கு,

முதலில் ஒரு திருத்தம். காசு கொடுத்தால்தான் ஜெயபாய் கதவைத் திறப்பாள் என்று நம் சபையில் ஒரு பேச்சு நடக்கிறது. அது தவறு. என் வீட்டுக் கதவை நான் இதுவரை விலைக்குத் திறந்ததும் இல்லை, விலைக்கு மூடியதும் இல்லை. இதில் எனக்குக் கமிஷன் உண்டு என்று சொல்கிறவர்களுக்கும் இதுவே பதில். என் குரலைப் பதிவு செய்ததற்கு நீ தந்தது ஒரு கைத்தறிச் சேலை. அதை இன்னும் உடுக்கவில்லை. இனி உடுப்பேனா என்பதும் தெரியவில்லை.

நலம் விசாரிக்கும் வரியை விட்டுவிட்டேன். மறதி என்று நினைக்காதே.

போனில் பேசினால் நாளைக்கு நீ "மாமி, நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்பாய். காற்றில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது. அதனால் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்காவது பிழை இருந்தால் குறித்து அனுப்பு.

போன ஜூனில், மழை கொட்டிக்கொண்டிருந்தபோது, நீயும் உன்னோடு வேலை செய்யும் இந்துஜாவும் திருவனந்தபுரத்திலிருந்து வந்து என் வீட்டில் தங்கினீர்கள். நீங்கள் செய்துகொண்டிருந்த கணினி விளையாட்டில் ஒரு தாய் வருகிறாள், அவளுக்கு என் குரல் வேண்டும் என்றாய். என் உச்சரிப்பு சுத்தமாக இருக்கிறது என்றும் சொன்னாய். புகழ்ச்சி என்று தெரிந்தும் சம்மதித்தேன். கதையைச் சொன்னாய். ரப்பர் தோட்டத்து வீடு. சண்டை போட்டுப் போன மகன் பல வருஷம் கழித்து மழையில் வந்து நிற்கிறான். விளையாடுகிறவர்தான் அந்த மகன். தாய் கதவைத் திறக்கவில்லை. அவன் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கிணற்றுக் கப்பியைச் சரியாக்குகிறான், ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையில் உடைந்த ஓடு மாற்றுகிறான், தோட்டத்து வேலியைக் கட்டுகிறான். ஒவ்வொன்றுக்கும் தாய் உள்ளே இருந்து ஏதாவது ஏசுகிறாள். கடைசியில் திறக்கிறாள். நீ எனக்குச் சொன்ன கதை இதுதான். "போ" என்றதும் நான், "வா" என்றதும் நான். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிக்கொண்டது.

செப்டம்பரில் அது இணையக் கடையில் விற்பனைக்கு வந்தது. விலை முந்நூற்றுத் தொண்ணூற்றொன்பது. அக்டோபரில் நம் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. உன் முதல் விளைச்சலை நீயும் படைக்க வேண்டும் என்று சொன்னவள் நான்தான், அதை மறைக்கவில்லை. விளையாட்டைத் தரவிறக்கும் எண்ணை ஓர் உறையில் போட்டு அனுப்பினாய். வாழைக்குலை, தேங்காய், சேவல் எல்லாம் ஏலம் போன வரிசையில் உன் உறையும் வந்தது. ஏலம் கூறுகிறவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விழித்தார். நான் எழுந்துபோய் ஒலிபெருக்கியை வாங்கினேன். "இது ஒரு கதை. ஒரு தடவை வாங்கினால் முழுவதும் உங்களுக்கு. பிறகு யாரும் ஒரு பைசா கேட்க மாட்டார்கள். கடைசியில் தாய் கதவைத் திறக்கிறாள்" என்றேன். சபைச் செயலாளர் செல்வதாஸ் அந்த உறையை இரண்டாயிரத்து நூறு ரூபாய்க்கு எடுத்தார். என் பேச்சை நம்பிப் பிறகு கடையில் விலை கொடுத்து வாங்கியவர்கள் வேறு.

வாங்கிய எல்லோருக்கும் கதவு மூடியே இருந்தது. கடைசியில் என் குரல் "போ" என்கிறது, தாழ்ப்பாள் விழுகிறது, முடிந்தது என்று எழுத்து வருகிறதாம். ஒழுங்காக விளையாடியிருக்க மாட்டீர்கள் என்று நான் அவர்களையே கடிந்துகொண்டேன். இப்போது ஜனவரியில் ஒரு கூடுதல் பகுதி வந்திருக்கிறது. தனியாக இருநூற்று நாற்பத்தொன்பது ரூபாய் கட்டித் தரவிறக்கினால் தாய் கதவைத் திறக்கிறாள்.

நேற்று ஆராதனை முடிந்து படியிறங்கும்போது செல்வதாஸ் எல்லோர் முன்னாலும் கேட்டார். "அம்மா, இனி பண்டிகைக்கு வாழக்கொல வந்தா சீப்பு எண்ணிப் பாத்துத்தான் எடுக்கணும் போல. ஒங்க மருமவ கொலையில ஒரு சீப்ப அறுத்து வீட்டுல வச்சுட்டுல்லா அனுப்பியிருக்கா!" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். "சக்கறம் குடுத்தா ஜெயபாயம்மை தொறப்பாவ" என்று பின்னால் ஒரு பெண்குரல். யார் என்று எனக்குத் தெரியும். காசைச் சக்கறம் என்று சொல்கிறவர்கள் இப்போது சபையில் அதிகம் இல்லை.

காற்றில் சரிந்து ஒரு சீப்பு நசுங்கிவிட்டால்கூட நம் ஆட்கள் அந்தக் குலையைப் படைக்காமல் வேறு குலை தேடுவார்கள். நீ என் அண்ணன் மகள், இந்த ஊரில் வளர்ந்தவள். உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

என் கேள்வி ஒன்றுதான். கதவு திறக்கும் பகுதி விற்பனை தொடங்கிய பிறகு செய்ததா, முன்பே செய்து எடுத்து வைத்ததா?

ஜெயபாய் ரசலையன்


திருவனந்தபுரம்
14.2.2025

அன்புள்ள மாமிக்கு,

பேனாவால் ஒரு பக்கம் எழுதி வருஷக் கணக்கு ஆகிவிட்டது. என் கையெழுத்தைப் பார்த்துத் திட்ட வேண்டாம். ஆறு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. அதனால் உங்கள் வழிக்கே வருகிறேன்.

செல்வதாஸ் அண்ணன் பேசியது எனக்கும் வருத்தம்தான். ஆனால் மாமி, இந்தத் தொழிலில் இது வழக்கம். ஒரு விளையாட்டு வெளியாகும். பிடித்துப்போனவர்கள் இன்னும் வேண்டும் என்பார்கள். செய்தவர்கள் இன்னொரு பகுதி செய்து விற்பார்கள். உலகம் முழுக்க இப்படித்தான். எங்கள் விளையாட்டு மூடிய கதவோடு முடிகிறது. அதுவும் ஒரு முடிவுதான். எல்லாத் தாயும் திறந்துவிடுகிறார்களா? அந்த முடிவைப் பார்த்துவிட்டு எங்கெங்கிருந்தோ கடிதம் வந்தது. போலந்தில் ஒருவர், அம்மாவோடு பேசிப் பத்து வருஷமாகிறது, விளையாடி முடித்ததும் போன் செய்தேன் என்று எழுதினார். கதவு திறக்க வேண்டும் என்று ஆட்கள் கேட்ட பிறகுதான் கூடுதல் பகுதியைச் செய்தோம்.

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உங்களைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்துக் கொஞ்சம் வரிகள் பேச வைத்தேனே, நினைவிருக்கிறதா? அது இதற்காகத்தான். உங்களிடம் அப்போதே விளக்கமாகச் சொல்லாதது என் பிழை.

விலையைப் பற்றி. பண்டிகையில் ஒரு சேவலை நாலாயிரம் ரூபாய்க்கு எடுக்கிறார்கள். சந்தையில் அதன் விலை என்ன? எடுத்தவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை, மனசு இருந்தது, எடுத்தார். இதுவும் அப்படித்தான். வேண்டாம் என்கிறவர் வாங்க வேண்டாம். அவருடைய விளையாட்டு அவரிடமே இருக்கிறது, யாரும் பிடுங்கவில்லை.

இந்துஜா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். நீங்கள் சுட்டுத் தந்த ஓலையப்பத்தை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். கடிதத்தை முடிக்கும்போது ஏதோ பரீட்சை எழுதியதுபோல இருக்கிறது. போனை எடுங்கள் மாமி.

அன்புடன்
டெல்சி


அருமனை
24 பிப்ரவரி 2025

டெல்சிக்கு,

கையெழுத்து மோசம்தான். ஆனால் உன் கடிதத்தில் அதுதான் சிறிய குறை.

கிறிஸ்துமஸுக்குப் பேசியதைக் கூடுதல் பகுதியில் வைத்தோம் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் படித்தவுடன் சந்தேகம் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று நீ என்னிடம் சொன்ன காரணம் வேறு: பழைய பதிவில் ஓர் இடத்தில் இருமல் விழுந்திருக்கிறது, அதைச் சரியாக்க வேண்டும் என்றாய். ஒரே பதிவுக்கு இரண்டு காரணம் இருந்தால் இரண்டில் ஒன்றாவது பொய்யாக இருக்கும். ஆகவே நானே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டுச் சொர்ணம்மாளை உனக்குத் தெரியும். தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மகன் துபாய்க்குப் போனபோது விட்டுப்போன கணினியில் மத்தியானம் முழுக்க விளையாடுகிறாள். அய்யாவழிக்காரி, தாங்கலுக்குக் கும்பிடப் போகும் ஞாயிறு மட்டும் விடுமுறை. உன் விளையாட்டையும் வாங்கியிருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் என்மேல் பாய்ந்தாள்.

"ஜெயபாய்க்கா, ஒங்க சபைக்காரரு மட்டுமா ஏமாந்தாவ? நானும் மழையில நனஞ்சு கப்பிய சரியாக்கி, ஓடு மாத்தி, வேலி கெட்டி, ஒருவாரமா கெடந்து பாடுபட்டா, கடசீல நீங்க போண்ணு சொல்லிட்டிய. மனுசிக்கு வெப்ராளம் வராதா?"

"கூடுதல் பகுதியை வாங்கினாயா?" என்று கேட்டேன்.

"ஒங்கள தொறக்க எங்கிட்ட சக்கறம் இல்லக்கா" என்றாள்.

இருநூற்று நாற்பத்தொன்பது ரூபாயை நான் எடுத்துக் கொடுத்தேன். என் கதவுக்கு நானே காசு கட்டினேன் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். அவள் விளையாடினாள், நான் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். கதவு திறந்தது. வெளிச்சம் ஈரப்படியில் விழுந்தது. அழகாகத்தான் செய்திருக்கிறீர்கள். அப்போது என் குரல் சொன்னது: "சரி, சாரல் அடிக்குது, உள்ள வா."

சொர்ணம்மாள் மூக்கை உறிஞ்சினாள். நான் அவளிடம் அதை மறுபடி போடு என்றேன். மறுபடியும் கேட்டேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு முறை.

டெல்சி, போன ஜூனில் என் மேல்வரிசையில் ஒரு முன்பல் கிடையாது. ஆகஸ்டில் தக்கலைக்குப் போய்ப் பல் கட்டிக்கொண்டேன். பல் இல்லாத மாதங்களில் "சரி" என்றால் காற்று சீறும், "சாரல்" என்றால் விசில் அடிக்கும். அதற்குப் பயந்தே நான் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம் வாசிக்காமல் இருந்தேன். கிறிஸ்துமஸில் எனக்குப் பல் இருந்தது. கதவைத் திறக்கிறவளுக்குப் பல் இல்லை.

ஆக, அது ஜூனில் பேசியது. விளையாட்டு விற்பனைக்கு வரும் முன்பே கதவு திறந்திருந்தது. நீ அதை எடுத்து மறைத்து வைத்துவிட்டு, மூடிய கதவை விற்று, பிறகு திறந்த கதவையும் விற்றாய். கிறிஸ்துமஸ் பதிவு எதற்கு? கேட்டால் காட்டுவதற்கா?

இனி உன் சேவலுக்கு வருகிறேன். நாலாயிரத்துக்குச் சேவல் எடுத்தவருக்கு அது சேவல் என்று தெரியும். முழுச் சேவல் என்றும் தெரியும். பல பேர் எடுத்த பொருளை அங்கேயே திரும்பக் கொடுத்து மறு ஏலம் போடச் சொல்வதையும் நீ பார்த்திருக்கிறாய். அதைக் காலில்லாமல் விற்றுவிட்டு, ஜனவரியில் கால் தனியாக வந்திருக்கிறது, விலை இவ்வளவு என்று யாராவது சொன்னதுண்டா?

இன்னொன்று. நான் வாங்கியபோது இருநூற்று நாற்பத்தொன்பது. நான்காம் நாள் சொர்ணம்மாள் மதிலுக்கு மேலே கூப்பிட்டு, "அக்கா, இப்ப பாதி வெலைக்குப் போட்டிருக்காவ, இந்த வாரம் மட்டும்ணு எழுதியிருக்கு" என்றாள். அப்படியானால் போன வாரம் வாங்கியவள் மடைச்சியா? போலந்துக்காரருக்கு என்ன விலை, எனக்கு என்ன விலை என்பதும் வேறு வேறாம். இப்படி ஆளைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து விலை சொல்கிறவர்களை நாங்கள் தக்கலைச் சந்தையில் பார்த்திருக்கிறோம். அவர்களிடம் குடை வாங்கினால் வீடு வரும் முன் கம்பி உடையும்.

நான் ஒலிபெருக்கியில் சபைக்கு முன்னால் சொன்னது இன்றைக்குப் பொய்யாக நிற்கிறது. நான் பொய் சொல்லவில்லை, ஆனால் பொய் என் வாயிலிருந்து வந்தது. கதவு திறக்கும் பகுதி முதலிலேயே இருந்தது, பிறகு அகற்றப்பட்டது, ஜெயபாய்க்கு அது தெரியாது என்று நீ எழுதித் தர வேண்டும். வரும் பண்டிகையில் வாசிப்பேன்.

ஜெயபாய் ரசலையன்


திருவனந்தபுரம்
11.3.2025

அன்புள்ள மாமி,

ஞாயிற்றுக்கிழமை வந்தேன். காரை ரோட்டிலேயே விட்டுவிட்டு முன்வாசலில் நின்று கூப்பிட்டேன். உள்ளே மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது. ஜன்னல் திரை ஒரு முறை அசைந்தது. நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்றேன். சொர்ணம்மாள் அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "பிள்ளே, கெணத்து கப்பிய சரியாக்கிப் பாத்தியா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது, மற்றதும் வந்தது. திரும்பிவிட்டேன்.

பல்லைப் பற்றி நான் யோசிக்கவே இல்லை.

நீங்கள் எழுதியது சரி. ஜூனிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. நானும் இந்துஜாவும் கதவு திறக்கிற மாதிரிதான் முழு விளையாட்டையும் செய்தோம். அதைத் தூக்கிக்கொண்டு நாலைந்து கம்பெனிகளிடம் போனோம். யாரும் எடுக்கவில்லை. கடைசியில் கொச்சியில் ஒரு கம்பெனி முன்பணம் தந்து விற்றுத் தருகிறோம் என்றது. ஜூலையில் அவர்கள் அலுவலகத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினோம். கதவு திறந்ததும் அங்கே பெரியவர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையை இறக்கவில்லை, "இதைத் தனியாக விற்கலாம்" என்றார்.

நான் மறுத்தேன் என்று எழுத ஆசைதான். மறுக்கவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றேன், சாயங்காலமே சரி என்று சொன்னேன். இந்துஜாவுக்கு அந்த மாதம் சம்பளம் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

விலையைப் பற்றிக் கோபமாக எழுதியிருந்தீர்கள். இதை யாரிடமும் சொன்னதில்லை. விளையாடுகிறவர் எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது எங்களுக்கு வந்து சேரும். "போ" என்று நீங்கள் சொன்ன பிறகு, விளையாட்டு முடிந்த பிறகும், நிறைய பேர் வெளியேறாமல் அந்தக் கதவின் முன்னாலேயே நின்றார்கள். சிலர் கால்மணி நேரம். மறுபடி தட்டிப் பார்த்தார்கள். முதலில் தொண்ணூற்றொன்பது ரூபாய் என்றுதான் பேசியிருந்தோம். இதைப் பார்த்துவிட்டுக் கொச்சிக்காரர்கள் இருநூற்று நாற்பத்தொன்பது ஆக்கினார்கள். "நிற்கிறவன் விலை பார்க்க மாட்டான்" என்றார் அதே பெரியவர்.

கிறிஸ்துமஸ் பதிவு காட்டுவதற்காக எடுத்தது இல்லை மாமி. ஜூன் பதிவில் சீறல் அதிகம் என்று கொச்சியில் சொன்னார்கள், அதனால் திரும்ப எடுத்தேன். போட்டுக் கேட்டால் அந்தத் தாய் அந்த வீட்டிலேயே இல்லை. தெளிவாக இருந்தது, அவ்வளவுதான். பழையதையே வைத்தோம். உங்களுக்கு எழுதும்போது கிறிஸ்துமஸ் என்று சொன்னால் ஒத்துப்போகும் என்று தோன்றியது. அது முழுப் பொய். மன்னியுங்கள்.

பண்டிகைக்கு உறையை அனுப்பியபோது மனசு உறுத்தியது என்று எழுதினால் நம்ப மாட்டீர்கள். உறுத்தவில்லை. சந்தோஷமாகத்தான் அனுப்பினேன். நீங்கள் ஒலிபெருக்கியை வாங்கி முடிவையே சொல்லிவிடுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

நீங்கள் கேட்டபடி எழுதித் தர எனக்கு மறுப்பில்லை. ஆனால் சபையில் ஒருவர் போனில் படம் பிடித்து வெளியே போட்டால் கொச்சிக்காரர்கள் மீதிப் பணத்தை நிறுத்திவிடுவார்கள். இப்போது எங்களோடு இன்னும் இரண்டு பேர் வேலை செய்கிறார்கள். அதனால் ஒரு மாதம் பொறுங்கள் என்று கேட்கிறேன்.

இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன், பிறகு வேறு வழியாகத் தெரிய வேண்டாம். அவர்கள் இரண்டாவது கூடுதல் பகுதி கேட்கிறார்கள். கதவு திறந்த பிறகு தாயும் மகனும் மேசையில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறார்கள். தாய் பேச வேண்டும். விலை இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது. உங்கள் குரல் இல்லாமல் முடியாது. வேறு இருவரை வைத்துப் பார்த்தோம், வாங்கினவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உங்களுக்கு ஐம்பதாயிரம் தரச் சொல்லியிருக்கிறார்கள். கேட்கவே வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

டெல்சி


அருமனை
20 மார்ச் 2025

அன்புள்ள டெல்சிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில்தான் இருந்தேன். நீ கூப்பிட்டது கேட்டது. திரையை அசைத்தவளும் நான்தான். திறந்தால் நீ பேசுவாய், நீ பேசினால் நான் நம்பிவிடுவேன். இத்தனை வருஷம் நீ எதைச் சொன்னாலும் நம்பியிருக்கிறேன். அதனால் மின்விசிறியை நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். நீ போன பிறகு சொர்ணம்மாள் வந்து, "கல்லு மனசுக்காரி, பிள்ள நனஞ்சுட்டு நிண்ணாலும் தொறக்க மாட்டிய" என்றாள். அன்று மழையே இல்லை என்று சொன்னேன்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை எங்கே ஒளித்திருக்கிறாய் என்று பார்த்துக்கொண்டே படித்தேன். "காட்டுவதற்காக எடுத்தது இல்லை" என்கிற வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டேன். இரண்டாம் முறை அழித்தேன். தன்னைப் பற்றி இத்தனை கெட்டதாக யாரும் பொய்க்கு எழுத மாட்டார்கள்.

கொச்சிப் பெரியவரின் விஷயம் வேறு. நிற்கிறவன் விலை பார்க்க மாட்டானாம். அந்த மனிதரிடம் நான் ஒரு வார்த்தையும் நம்பத் தயாராக இல்லை. ஐம்பதாயிரம் என்கிறார் என்றால் அவர் எதிர்பார்ப்பது எத்தனை ஐம்பதாயிரமோ. கஞ்சி குடித்து முடித்ததும் மகன் கை கழுவ வேண்டும், அதற்கு ஒரு பகுதி. பாய் விரிக்க ஒரு பகுதி. அந்தத் தாய் சாகும் வரை விற்றுக்கொண்டே இருக்கலாம். செத்த பிறகும் விற்பார்கள்.

செல்வதாஸை நான் வீட்டுக்குக் கூப்பிட்டேன். காபி கொடுத்து, "சீப்பு அறுத்தது நிஜம், அறுத்தது யார் என்று நான் இப்போது சொல்ல மாட்டேன், பண்டிகையில் எடுத்த வார்த்தையைப் பண்டிகையில்தான் முடிப்பேன்" என்றேன். மனுஷன் பயந்துவிட்டார். "ஐயோ அம்மா, நான் சும்மா ஒரு ரசத்துக்குச் சொன்னதாக்கும். நீங்க இத வச்சு ஸ்தோத்திரப் பண்டிகையில பேசாண்டாம், சனமெல்லாம் கலங்கிப்போவும்" என்றார். வேடிக்கைக்குச் சொன்னதாக இருந்தால் அடுத்த ஞாயிறு அதே படியில் நின்று அதையும் சொல்லுங்கள் என்றேன். சொல்லவில்லை.

நீ கேட்ட ஒரு மாதத்தைத் தருகிறேன். அக்டோபர் வரைக்குமே தருகிறேன். அக்டோபரில் நான் எழுந்து நிற்பது நிச்சயம். என்ன சொல்வேன் என்பது மட்டும் இன்னும் தீர்மானமாகவில்லை. நான் சொன்னது தவறு என்று சொல்லலாம். அதற்கு உன் கடிதம் போதும். அல்லது நான் சொன்னது சரி என்று சொல்லலாம். அதற்கு நீ ஒரு வேலை செய்ய வேண்டும்.

கொச்சிக்காரர்களுக்கு என் குரல் வேண்டும் என்றால் அதற்கு விலை உண்டு. அவர்கள் விலை சொன்னார்கள், நான் கேட்டேன். இப்போது என் விலையை அவர்கள் கேட்கட்டும். ஐம்பதாயிரம் வேண்டாம். விளையாட்டை வாங்கிய ஒவ்வொருவருக்கும், அருமனையில் இருந்தாலும் போலந்தில் இருந்தாலும், கதவு காசில்லாமல் திறக்க வேண்டும். கதவுக்கு ஏற்கெனவே காசு கட்டியவர்களுக்குக் கஞ்சியைக் காசில்லாமல் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கு அவர்கள் என்ன விலையாவது வைத்துக்கொள்ளட்டும். அது புதிதாகச் சமைத்தது, சமைத்த கைக்குக் கூலி உண்டு. இந்துஜாவுக்கும் மற்ற இருவருக்கும் சம்பளம் அதிலிருந்து வரட்டும். அது நியாயமான விற்பனை.

முடியாது என்றால் அந்தத் தாய் மேசையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பாள். வேறு யாரையாவது பேச வைத்தால், வாங்கினவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். அந்தக் காகிதம் என்னிடம் இருக்கிறது.

சம்மதித்தாலும் அவர்களை நான் நம்பவில்லை. ஆகவே எப்படிப் பேசுவேன் என்பதையும் இப்போதே எழுதுகிறேன். ஜூனில் நீ "போ" என்பதைத் தனியாகவும் "வா" என்பதைத் தனியாகவும் சொல்லச் சொன்னாய். நான் சொன்னேன், அவர்கள் இரண்டுக்கும் நடுவில் வெட்டினார்கள். இந்த முறை தனித்தனியாக எதுவும் கிடைக்காது. ஏசுவதும் பரிமாறுவதும் ஒரே மூச்சில்தான் வரும். "என்னத்துக்குலே இப்ப வந்த கஞ்சி ஆறுது இரி." எந்தத் தாயும் அப்படித்தான் பேசுவாள். அதில் எந்த இடத்தில் கத்தரி வைப்பார்கள் என்று பார்க்கிறேன்.

இதற்கு அவர்கள் சம்மதித்தார்களா இல்லையா என்பதை, உன் கையெழுத்தில், தேதி போட்டு, தபாலில் எனக்குப் பதில் எழுது.

ஜெயபாய் மாமி